மானியம்: அரசர் விட்ட நிலமும் சட்டமன்றம் தரும் நிதியும்

காரைக்குடிப் பக்கம் யாரிடமாவது 'மானியம்' என்று சொல்லிப் பாருங்கள். வீட்டில் இருக்கும் ஆச்சிக்கு காஸ் சிலிண்டர் நினைவுக்கு வரும். கல்லல் பக்கத்து விவசாயிக்கு உரம். பழைய நிலப் பதிவேடு புரட்டியவருக்குப் பூசாரி மானியம், தச்சன் மானியம். அரசு உதவி பெறும் பள்ளி ஆசிரியருக்கு மாதச் சம்பளம். சட்டமன்றச் செய்தியை விடாமல் படிக்கிறவருக்குத்தான் 'மானியக் கோரிக்கை'. ஊர்ப் பள்ளிக்கு இரண்டு வகுப்பறை கட்ட அரசுப் பணம் எப்படி வரும் என்று விசாரிக்கப் போகிறவர் இத்தனை பொருளையும் தாண்டித்தான் போக வேண்டும்.

சொல் வடமொழியிலிருந்து வந்தது. 'மான்ய' என்றால் மதிக்கத்தக்கது. மானம், சன்மானம், மரியாதைக்காகச் சொல்லும் 'மாண்புமிகு'வின் வடமொழிப் பங்காளியான 'மான்யவர்' எல்லாம் ஒரே குடும்பம். மதித்துக் கொடுக்கப்பட்டது என்ற கருத்தில் வரி நீக்கிக் கொடுத்த நிலத்துக்கு இது பெயராயிற்று. முழு வரியும் நீக்கியிருந்தால் சர்வமானியம். விஜயநகரக் காலத்துக் கல்வெட்டுகளிலும், இராமநாதபுரம் சேதுபதிகளின் செப்பேடுகளிலும் இந்தச் சொல் சரளமாக வரும். சிவகங்கைச் சீமை அந்தச் சேது நாட்டிலிருந்து பிரிந்ததுதான் என்பதால், செட்டிநாட்டு ஊர்களின் வயல் பெயர்களில் மானியம் ஒட்டிக்கொண்டிருப்பதில் வியப்பில்லை.

அதற்கு முன்பு தமிழில் சொல் இல்லாமல் போகவில்லை. வரியில்லாத நிலம் 'இறையிலி'. இறை என்றால் வரி. வரி இல்லாதது இறையிலி. ஊழியத்துக்காக விட்ட நிலம் 'உம்பளம்'. யாருக்குக் கொடுத்தார்கள் என்பதை வைத்துத் தனித்தனிப் பெயர்களும் இருந்தன: கோயிலுக்குத் தேவதானம், பிராமணருக்குப் பிரமதேயம், சமண பௌத்தப் பள்ளிகளுக்குப் பள்ளிச்சந்தம். கடைசிப் பெயரில் இருக்கும் பள்ளியைக் கவனியுங்கள். துறவிகள் தங்கிய, படுத்த இடம் அது. சிவகங்கை மாவட்டத்தில் திருப்பத்தூர் வட்டத்துப் பூலாங்குறிச்சியில், சுமார் 5ஆம் நூற்றாண்டைச் சேர்ந்ததாகக் கருதப்படும் பாறைக் கல்வெட்டில் 'தாபதப் பள்ளி' என்று வருகிறது. தவசிகள் இருந்த இடம். அங்கே பாடமும் நடந்ததால் பள்ளி படிக்கும் இடமானது. ஆக, பள்ளிக்கென்று சொத்து ஒதுக்குவதைக் குறிக்கத் தமிழில் ஆயிரம் ஆண்டுக்கு முன்பே தனிச்சொல் இருந்தது, அந்தப் பள்ளி இன்றைய பள்ளிக்கூடம் இல்லை என்றாலும்.

கல்விக்கு நிலம் விட்டதற்குப் பெரிய சான்று விழுப்புரம் பக்கம் எண்ணாயிரத்தில் இருக்கிறது. முதலாம் இராசேந்திரன் காலத்துக் கல்வெட்டு அது. 340 மாணவர், 14 ஆசிரியர், அவர்களுக்கான நெல்லும் பொன்னும், அதற்காக ஒதுக்கிய 45 வேலி நிலம் என்று கணக்கு கல்லிலேயே வெட்டியிருக்கிறது. எந்தப் பாடத்துக்கு எத்தனை பேர் என்பது வரை உண்டு. வேதக் கல்விக்காக ஏற்பட்ட இடம், எல்லோருக்குமானதன்று. அதைச் சொல்லாமல் இந்தக் கல்வெட்டைப் பெருமை பேசுவது சரியில்லை. ஆனால் செலவைத் தலைப்பு வாரியாகப் பிரித்து, வருவாய்க்கு வழியும் காட்டிவிட்ட முறையில் அது ஒரு பட்ஜெட்தான்.

ஒரு வேறுபாடு மட்டும் பெரியது. அரசர் விட்ட நிலம் 'சந்திராதித்தவரை' செல்லும், சூரிய சந்திரர் உள்ளவரை. இன்றைய மானியம் மார்ச் 31 வரை.

ஆங்கிலேயர் வந்தபின் நில மானியம் 'இனாம்' என்ற அரபுச் சொல்லுக்குள் போயிற்று. 1858இல் சென்னை மாகாணத்தில் இனாம் கமிஷன் அமைத்து, யாரிடம் என்ன உரிமை என்று ஒவ்வொன்றாக விசாரித்தார்கள். நிலம் இனாமானதால், மானியம் என்ற பழைய சொல் பணத்துக்கு நகர இடம் கிடைத்தது. 1854இல் வந்த உட்டின் கல்வி அறிக்கை, தனியாரும் மிஷனரிகளும் நடத்தும் பள்ளிகளுக்கு அரசு 'கிராண்ட்-இன்-எய்டு' தரலாம் என்றது. அரசின் ஆய்வுக்கு உட்பட வேண்டும், மாணவரிடம் சிறு கட்டணமாவது வாங்க வேண்டும் என்பவை போன்ற நிபந்தனைகளோடு. உதவி மானியம், உதவி பெறும் பள்ளி, நம் ஊர்ப் பேச்சில் 'எய்டட் ஸ்கூல்' எல்லாம் அந்த வேரிலிருந்து கிளைத்தவை. இன்றும் அந்தப் பள்ளிகளில் அரசு தருவது பெரும்பாலும் ஆசிரியர் சம்பளம். கட்டடத்தைக் காப்பது முக்கியமாக நிர்வாகத்தின் பொறுப்பு. பர்மாத் தேக்கில் உத்திரம் போட்டுக் கட்டிய நூறு வயதுப் பள்ளி ஒழுகினால், 'மானியம் வாங்குகிற பள்ளிதானே, அரசாங்கம் பார்க்கட்டும்' என்று ஊரில் பேசுவது இந்த நுணுக்கம் தெரியாமல்தான்.

இனி சட்டமன்றத்து மானியம். இங்கேதான் சொல் தலைகீழாக நிற்கிறது. அரசமைப்புச் சட்டத்தின் 202ஆவது பிரிவு ஆண்டு நிதிநிலை அறிக்கையைப் பேரவையில் வைக்கச் சொல்கிறது. 203ஆவது பிரிவு, துறை துறையாகச் செலவு மதிப்பீட்டைக் 'கோரிக்கை' வடிவில் வைக்கச் சொல்கிறது. 204ஆவது பிரிவின்படி நிதி ஒதுக்கச் சட்டமுன்வடிவு நிறைவேறிய பிறகே கருவூலத்திலிருந்து பணம் எடுக்கலாம். கோரிக்கை வைப்பது அமைச்சர். மானியம் தருவது பேரவை. அரசாங்கம் கையேந்தும் இடத்தில் நிற்கிறது, மக்கள் பிரதிநிதிகள் கொடுக்கும் இடத்தில். 'அரசு மானியம் கொடுத்தது' என்று எழுதும்போது அந்த வரிசை மறைந்துபோகிறது. சொல்லில் ஒட்டியிருக்கும் பழைய அரச மரியாதை இன்னும் உதிரவில்லை போலும்.

இதில் செட்டிநாட்டில் பள்ளி வேலையாக அலைகிறவர்களுக்குப் பயன்படும் விஷயம் ஒன்று உண்டு. தமிழ்நாட்டில் பள்ளிக்கல்வித் துறையின் மானியக் கோரிக்கை எண் 43. ஊரக வளர்ச்சி, ஊராட்சித் துறைக்கு 42. சாக்கோட்டை ஒன்றியத்தில் ஓர் ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளிக்கு வகுப்பறை வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். ஆசிரியர் சம்பளம் 43இல் இருக்கும். கட்டடப் பணமோ, குழந்தை நேயப் பள்ளி உட்கட்டமைப்பு மேம்பாட்டுத் திட்டம் போன்றவற்றின் வழியாக 42இல் வரும். வேலையை ஒன்றியப் பொறியாளர் பார்ப்பார். அதே ஊரில் அரசு மேல்நிலைப் பள்ளி என்றால் கதை வேறு: நபார்டு என்ற ஊரக வளர்ச்சி வங்கியின் கடன் திட்டம், பொதுப்பணித் துறை என்று போகும். கல்வி அலுவலகத்துக்கும் ஒன்றிய அலுவலகத்துக்கும் நடுவே மனு பந்தாடப்படுவதற்குப் பாதிக் காரணம், எந்தக் கோரிக்கையில் பணம் இருக்கிறது என்று கேட்காமல் போவது.

கணக்குத் தலைப்பும் அப்படித்தான். பொதுக் கல்விக்கான வருவாய்ச் செலவு 2202 என்ற தலைப்பில் எழுதப்படும். சம்பளம், பராமரிப்பு எல்லாம் அதில். புதுக் கட்டடம் போன்ற மூலதனச் செலவுக்கு 4202. 2025-26 நிதிநிலை அறிக்கையில் பள்ளிக்கல்விக்கு 46,767 கோடி ரூபாய் என்று செய்தி வந்ததும், 'இவ்வளவு பணமும் எங்கே போகிறது, எங்கள் பள்ளிக்கு ஒரு சுவர்கூட வரவில்லையே' என்ற பேச்சு கிளம்பும். அந்தத் தொகையில் பெரும்பங்கு சம்பளம். சுவர் வேண்டுமென்றால் பார்க்க வேண்டிய இடம் வேறு. 2022இல் அறிவித்த பேராசிரியர் அன்பழகன் பள்ளி மேம்பாட்டுத் திட்டம், ஐந்தாண்டில் 7,000 கோடி என்ற இலக்கோடு, வகுப்பறைகளுக்காகவே வந்தது. ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்தில் மாணவர் எண்ணிக்கையைப் பொறுத்து ஆண்டுக்கு 10,000 முதல் 1 லட்சம் ரூபாய் வரை வரும் 'பள்ளி மானியம்' வேறு. தலைமையாசிரியர்கள் 'ஸ்கூல் கிராண்ட்' என்பது அதைத்தான். சுண்ணாம்பு அடிக்கவும் குழாய் மாற்றவும் உதவும். கட்டடம் எழுப்ப உதவாது. அந்தத் திட்டத்தில் ஒன்றிய அரசு 60, மாநில அரசு 40 என்ற பங்கு. ஒரு பக்கத்துப் பணம் நின்றால் மறுபக்கம் தள்ளாடும் என்பதை, ஒன்றிய அரசின் பங்கு வராமல் நின்ற 2024-25இல் தமிழ்நாடு பார்த்தது.

'ஒதுக்கீடு' என்ற சொல்லிலும் கவனம் வேண்டும். ஒதுக்குவது என்றால் தனியே எடுத்து வைப்பது. 'வகுப்பறைக்கு 40 லட்சம் ஒதுக்கீடு' என்ற வகைச் செய்தியைப் படித்ததும் பணம் வந்துவிட்டதாக நினைப்பது இயல்பு. ஒதுக்கியபின் நிர்வாக ஒப்புதல், தொழில்நுட்ப ஒப்புதல், டெண்டர், வேலை உத்தரவு, பிறகு நிதி விடுவிப்பு. ஆண்டுக்குள் செலவாகாத தொகை திரும்பிவிடும். 'லேப்ஸ் ஆயிடுச்சு' என்பார்கள். பிப்ரவரி, மார்ச்சில் ஊரெங்கும் சிமெண்டு கலவை ஓடுவதன் இரகசியம் அதுதான்.

செட்டிநாட்டில் இதற்கெல்லாம் பக்கத்தில் இன்னொரு சொல் உண்டு: மகமை. வணிகத்தின் வரவில் தருமத்துக்கென்று தாமே எடுத்துவைக்கும் பங்கு. 'மகிமை' என்ற சொல்லோடு சேர்த்து இதைச் சொல்வார்கள். அப்படியானால் மானியத்தைப் போல இதுவும் பெருமையிலிருந்து பிறந்த சொல். பர்மா, மலேயா வட்டிக்கடைப் பேரேடுகளில் மகமைக்கெனத் தனிப் பற்று உண்டு. ஊரில் நகரத்தார் (நாட்டுக்கோட்டைச் செட்டியார்) பொதுவில் நடத்தும் நகரக் கோயில் செலவுக்குப் புள்ளிவரி. கலியாணமான ஒவ்வொருவரும் ஒரு புள்ளி. இந்த இரண்டிலும் கொடுப்பவரும் முடிவெடுப்பவரும் ஒருவரே. நகரத்தார் ஊர்களில் சத்திரம், வேதபாடசாலை, பள்ளிக்கூடம் என்று எழுந்ததில் பெரும்பகுதிக்கு இப்படிச் சேர்ந்த பணமும் தனிக் கொடையும்தான் அடி. மேலைச்சிவபுரியில் 1909இல் தமிழ் வளர்க்கத் தொடங்கிய சன்மார்க்க சபை அந்த வரிசை.

அரசுக்கே கொடுத்த கதையும் இங்கு உண்டு. மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம் காரைக்குடிக்கு வந்தது, அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் தருவதாகச் சொன்னதால். 1948 ஜூலை 25 அன்று நேரு அடிக்கல் நாட்டினார். 1953 ஜனவரி 14 அன்று இராதாகிருஷ்ணன் திறந்துவைத்தார். அரசர் குடிக்கு நிலம் விட்டால் மானியம் என்றோம். குடி அரசுக்கு நிலம் விட்டால் அதற்கு என்ன பெயர்? அகராதியில் தேடிப் பார்த்தால் 'கொடை' ஒன்றுதான் பொருந்துகிறது. இன்றைய 'நம்ம ஸ்கூல் நம்ம ஊருப் பள்ளி' திட்டம் முன்னாள் மாணவரிடமும் நிறுவனங்களிடமும் கேட்பது அதே கொடையைத்தான். எனக்கு அதில் ஒரு தயக்கம் உண்டு: பணக்காரப் பிள்ளைகள் பிறந்த ஊருக்குக் கட்டடம் வரும், பக்கத்து ஊருக்கு வராது. செட்டிநாட்டில் அரண்மனை வீதியும் அடுத்த கிராமமும் எவ்வளவு தூரம் என்று தெரிந்தவர்களுக்கு இது புரியும்.

சரி, மானியத்துக்குத் தமிழ் என்ன? ஒரே சொல்லைத் தேடுவதுதான் பிழை என்பேன். நிறுவனத்துக்குத் தரும் கிராண்டுக்கு 'நல்கை' நன்றாகப் பொருந்துகிறது. ஆய்வு நல்கை, பல்கலைக்கழக நல்கைக் குழு என்று கல்வி உலகில் ஏற்கெனவே புழங்குகிறது. நல்குதல் என்றால் கொடுத்தல். அன்பு காட்டுதல் என்றும் பொருள். குறளின் காமத்துப்பாலில் 'நனவினான் நல்காதவர்' என்று தலைவி நொந்துகொள்வது நேரில் வந்து அன்பு செய்யாத தலைவனை. நிதித் துறைக்கு இந்த இரண்டாவது பொருளைப் பொருத்திப் பார்க்கும் ஆசையை அடக்கிக்கொள்கிறேன். காஸ், உரம், விதைக்குத் தருவது விலையைத் தாங்கும் உதவி; அதற்கு 'உதவித்தொகை' போதும். ஆனால் மானிய விலை என்று மக்கள் வாயில் பழகிவிட்டது, அதை யாரும் மாற்றப்போவதில்லை, மாற்றவும் வேண்டாம். மானியக் கோரிக்கைக்குத்தான் மாற்று அவசரம். 'செலவு ஒப்புதல் கோரிக்கை' என்றால், யார் கேட்கிறார், யார் ஒப்புகிறார் என்பது பளிச்சென்று தெரியும்.

பட்ஜெட்டுக்கு நிதிநிலை அறிக்கை, வரவுசெலவுத் திட்டம் இரண்டும் இங்கு நிலைத்துவிட்டன. ஈழத் தமிழர் சொல்லும் 'பாதீடு' இவற்றைவிடச் சிறியது, அழகானது. பாத்தல் என்றால் பகுத்தல்; 'பாத்தூண்' என்று குறள் சொல்வது பகுத்து உண்பதை. தொல்காப்பியம் வெட்சித் திணைக்குச் சொல்லும் 14 துறைகளில் கடைசி மூன்று பாதீடு, உண்டாட்டு, கொடை. கவர்ந்து வந்த ஆநிரையை வீரருக்குப் பங்கிடுவது பாதீடு, பிறகு விருந்து, பிறகு இரவலருக்குக் கொடை. வருவாய் எப்படி வந்தது என்ற சங்கடமான கேள்வியை ஒதுக்கிவிட்டால், பங்கிட்டபின்தான் கொடை என்ற வரிசை நிதியமைச்சர்களுக்கும் சரிப்படும்.

ஊர்ப் பள்ளிக்காக மனு எழுதுகிறவர் 'மானியம் வழங்க வேண்டுகிறோம்' என்று முடிக்காமல், வகுப்பறை எந்தத் திட்டத்தில், எந்தக் கோரிக்கை எண்ணின் கீழ், ஒதுக்கீடு ஆனதா, விடுவிப்பு ஆனதா என்று நான்கையும் தனித்தனியே கேட்கலாம். கிராம சபையில் கேட்டால் பதில் பதிவேட்டில் ஏறும். பள்ளி மேலாண்மைக் குழுத் தீர்மானத்தின் நகலையும் கூட வைத்தால் அலுவலகத்தில் அதை எளிதில் தள்ள முடியாது.