கையை எடுத்தால் நிமிரும் விமானம்

அக்கா மகனுக்கு அப்போது பத்து வயது. ரிமோட் விமானம் வேண்டும் என்று ஒரு வருடமாகக் கேட்டுக்கொண்டிருந்தான். கடையில் அவன் விரல் போய் நின்றது ஒரு போர் விமானத்தின் மேல். கூர்மூக்கு, பின்னால் சாய்ந்த குட்டை இறக்கை, சாம்பல் பூச்சு. அதன் அழகு எனக்கும் பிடித்துப்போய் வாங்கிக் கொடுத்துவிட்டேன். பங்குனி மாதம், ஊருக்கு வெளியே வற்றிக் கிடந்த கண்மாயில் கொண்டுபோய் வீசினோம். கையைவிட்டுப் போன நான்காவது நொடியில் அது சீமைக்கருவேல முள்ளுக்குள் கிடந்தது. பையன் அழவில்லை. ரிமோட்டையே பார்த்துக்கொண்டு, "நான் என்ன மாமா தப்புப் பண்ணேன்?" என்று கேட்டான்.

அவன் ஒரு தப்பும் பண்ணவில்லை. அந்த விமானம் அவனுக்கு யோசிக்க நேரம் தரவில்லை, அவ்வளவுதான். அன்றிலிருந்து, யாராவது குழந்தைக்கு முதல் விமானம் எது வாங்கலாம் என்று கேட்டால், நான் இரண்டு விஷயம் மட்டும்தான் பார்க்கச் சொல்கிறேன். அது எவ்வளவு மெதுவாகப் பறக்கும்? ரிமோட்டின் ஸ்டிக்கிலிருந்து கையை எடுத்துவிட்டால் தானாக என்ன செய்யும்?

இரண்டாவது கேள்விக்கு வயது 150 ஆண்டுக்கு மேல். 1871 ஆகஸ்டில், பாரிஸின் துய்லரி தோட்டத்தில் அல்ஃபோன்ஸ் பேனோ என்ற 21 வயது இளைஞர் ஒரு சிறு விமானத்தைப் பறக்கவிட்டார். முறுக்கிய ரப்பர்தான் அதற்கு எஞ்சின். 11 நொடியில் சுமார் 40 மீட்டர் போனது. மனிதர் ஓடுகிற வேகம்தான். ஆனால் அதை யாரும் ஓட்டவில்லை. காற்று அசைத்தாலும் தன்னைத் தானே சரிசெய்துகொண்டு போனது. பேனோ அதன் இறக்கை நுனிகளை மேல்நோக்கி வளைத்திருந்தார். பின்னால் ஒரு சிறு வால் இறக்கையைக் கொஞ்சம் கோணம் மாற்றிப் பொருத்தியிருந்தார். ரகசியம் அந்த இரண்டில் இருந்தது.

ரைட் சகோதரர்கள் சிறுவர்களாக இருந்தபோது, 1878-இல் அவர்களின் அப்பா ஒரு ரப்பர் பொம்மை ஹெலிகாப்டர் வாங்கி வந்தார். அதுவும் பேனோ வடிவமைத்த வகைதான். ஆனால் பெரியவர்களாகி 1903-இல் தங்கள் விமானத்தைக் கட்டியபோது அவர்கள் நேரெதிரான வழியில் போனார்கள். இறக்கை நுனிகளைச் சற்றே கீழ்நோக்கித் தொங்கவிட்டார்கள். பக்கவாட்டில் காற்று வீசினால் விமானம் புரளக்கூடாது, சமநிலையை ஓட்டுபவரே பார்த்துக்கொள்ளட்டும் என்பது அவர்கள் எண்ணம். அந்த விமானத்தை ஒவ்வொரு கணமும் பிடித்துக்கொண்டே இருக்கவேண்டும். ஆக விமானங்களில் பேனோ வம்சம், ரைட் வம்சம் என்று இரண்டு உண்டு. நான் வாங்கிக் கொடுத்த போர் விமானம் ரைட் வம்சம். குழந்தைக்கு வேண்டியது பேனோ வம்சம்.

மேல்நோக்கிய இறக்கை எப்படி வேலை செய்கிறது? இரண்டு உள்ளங்கைகளையும் சேர்த்துத் தண்ணீர் ஏந்துவதுபோல் வைத்து, பிறகு நன்றாக விரித்து அகட்டுங்கள். பழகுநர் விமானத்தை முன்னாலிருந்து பார்த்தால் இறக்கை இப்படித்தான் இருக்கும். இப்போது விமானம் இடப்பக்கம் சரிகிறது என்று வைத்துக்கொள்வோம். சரிந்த விமானம் நேராக மட்டும் போகாது, சரிந்த பக்கமாக வழுக்கவும் செய்யும். அப்போது காற்று இடப்பக்கத்திலிருந்து வந்து மோதுகிறது. இடது இறக்கை மேல்நோக்கி ஏறியிருப்பதால் அந்தக் காற்று அதன் அடிப்பக்கத்தில் கூடுதல் கோணத்தில் படுகிறது. வலது இறக்கையில் கோணம் குறைகிறது. இடது பக்கத் தூக்குவிசை கூடி, வலது பக்கம் குறைய, விமானம் நிமிர்கிறது. தாழ்ந்த இறக்கை தரைக்கு இணையாக வருவதால் அதன் பரப்பு கூடுகிறது என்று பல இடங்களில் விளக்குவார்கள். அது சரியல்ல. வழுக்கல்தான் காரணம். வழுக்கல் இல்லையென்றால் நிமிர்வும் இல்லை.

இறக்கை உடம்புக்கு மேலே இருப்பதும் இதே காரியத்துக்குத்தான் உதவுகிறது. பாரம் கீழே ஊசல்போலத் தொங்குவதால் நிமிர்கிறது என்று தோன்றும். முக்கியக் காரணம் அது இல்லை. பக்கவாட்டில் வரும் காற்று உடம்பின் மேல் மோதி மேலேறும்போது, காற்று வரும் பக்கத்து இறக்கையைக் கொஞ்சம் கூடுதலாகத் தூக்கிவிடுகிறது.

இதில் இன்னொரு வசதியும் கிடைக்கிறது. இப்படிப்பட்ட விமானத்தைத் திருப்ப, வாலில் இருக்கிற சுக்கான், அதாவது ரடர் மட்டுமே போதும். ரடர் மூக்கை ஒரு பக்கம் திருப்ப, காற்று பக்கவாட்டில் பட, மேல்நோக்கிய இறக்கை தானே சரிந்து திரும்பிவிடும். இறக்கை விளிம்பில் அசைகிற ஐலரான் தேவையே இல்லை. ரடர், ஏற்ற இறக்கத்துக்கு எலிவேட்டர், மோட்டார் வேகத்துக்கு த்ராட்டில் என்று மூன்று சேனல்தான். பத்து வயதுக் கைகளுக்கு மூன்றே தாராளம். ஐலரான் சேர்ந்த நான்கு சேனல் விமானத்தை அடுத்த வருடம் பார்த்துக்கொள்ளலாம்.

அடுத்தது வேகம். விமானத்தின் எடையை இறக்கையின் பரப்பால் வகுத்தால் வருகிற எண்ணை, பெட்டியில் போட்டிருக்கும் எல்லா விளம்பரத்தையும்விட நான் நம்புவேன். 125 செ.மீ. நீளம், 20 செ.மீ. அகலம் உள்ள இறக்கை. பேட்டரியோடு எடை 500 கிராம். ஒவ்வொரு சதுர டெசிமீட்டர் (10 செ.மீ.க்கு 10 செ.மீ.) இறக்கையும் 20 கிராம் சுமக்கிறது. கணக்குப் போட்டால், வேகம் ஏறத்தாழ மணிக்கு 20 கி.மீ. வரை குறைந்தாலும் அது கீழே விழாமல் தாக்குப்பிடிக்கும். சைக்கிளை வேகமாக மிதித்தால் எட்டிவிடலாம். அதே இறக்கையில் எடையை ஒரு கிலோவாக்கினால் அந்தக் குறைந்தபட்ச வேகம் 28 கி.மீ. ஆகிவிடும். தூக்குவிசை வேகத்தின் இருமடிப்படி கூடுவதால், எடை இரட்டித்தால் வேகம் 1.4 மடங்காகிறது. சதுர டெசிமீட்டருக்கு 25 கிராமுக்குக் கீழே இருக்கிற விமானத்தைத்தான் நான் குழந்தை கையில் கொடுப்பேன்.

இதை நொடியில் பார்த்தால் இன்னும் நன்றாகப் புரியும். மணிக்கு 30 கி.மீ. வேகத்தில் பறக்கிற பழகுநர் விமானம் 100 மீட்டர் மைதானத்தைக் கடக்க 12 நொடி எடுக்கும். 80 கி.மீ. வேகத்தில் போகிற போர் விமானத்துக்கு நாலரை நொடி. குழந்தை 'இடதா, வலதா' என்று யோசிப்பதற்கே இரண்டு நொடி ஆகும்.

எடை எவ்வளவு என்பதோடு எங்கே இருக்கிறது என்பதும் முக்கியம். இறக்கையின் அகலத்தில் முன்விளிம்பிலிருந்து கால் பங்குக்கும் மூன்றில் ஒரு பங்குக்கும் நடுவில் இரண்டு ஆள்காட்டி விரல்களை வைத்து விமானத்தைத் தூக்குங்கள். மட்டமாகவோ, மூக்கு லேசாகத் தாழ்ந்தோ நிற்கவேண்டும். மேலே சொன்ன இறக்கையில் அது முன்விளிம்பிலிருந்து 5 முதல் 6.5 செ.மீ. பேட்டரியை முன்னும் பின்னும் நகர்த்தியே இதைச் சரிசெய்துவிடலாம். மூக்கு கனத்தால் விமானம் மந்தமாகப் பறக்கும். வால் கனத்தால் எலிவேட்டரைத் தொட்டதும் துள்ளும். அதைப் பெரியவர்களாலேயே அடக்க முடியாது. மூக்கு ஏறினாலும் தாழ்ந்தாலும் மட்டத்துக்குக் கொண்டுவருகிற பேனோவின் வால் இறக்கை வேலை செய்வதற்கும் இந்தச் சமநிலைதான் அடிப்படை.

எதில் செய்த விமானம்? ஃபோம்தான், சந்தேகமே வேண்டாம். பால்சா மரத்தில் கட்டுவது அருமையான கலை, ஆனால் முதல் மாதத்துக்கு அல்ல. ஃபோமிலும் வித்தியாசம் உண்டு. பார்சலில் வைத்து வருகிற தெர்மாகோல் பொருக்கென்று உடையும். ஃபெவிக்விக் வகைப் பசை பட்டால் கரைந்தே போகும். இ.பி.பி. என்கிற ரப்பர் போன்ற ஃபோம் மோதினால் நசுங்கி மீண்டும் எழும்பும். புரொப்பெல்லர் இறக்கைக்குப் பின்னால் இருந்தால் மூக்குக் குத்தி இறங்கும்போது உடையாது. ஆனால் கையால் வீசுகிறவர் விரலை அதன் பாதையில் வைக்கவே கூடாது.

விமானத்தில் இருக்கும் லிப்போ (லித்தியம் பாலிமர்) பேட்டரியைச் சார்ஜ் செய்வது பெரியவர்கள் வேலை. ஒரு செல் 4.2 வோல்ட்டுக்கு மேல் ஏறக்கூடாது, 3 வோல்ட்டுக்குக் கீழே இறங்கக்கூடாது. உப்பிய பேட்டரியை மறுபடி தொடவேண்டாம். சித்திரை வெயிலில் காருக்குள் வைத்துவிட்டுப் போகாதீர்கள். குழந்தைக்கு ஒரு பழக்கம் மட்டும் முதல் நாளே வரவேண்டும்: முதலில் ரிமோட்டை ஆன் செய்துவிட்டுத்தான் விமானத்தில் பேட்டரியை மாட்டவேண்டும், முடிக்கும்போது பேட்டரியைக் கழற்றிய பிறகுதான் ரிமோட்டை அணைக்கவேண்டும். மோட்டார் உயிரோடு இருக்கும்வரை அதற்குக் கட்டளை சொல்ல ஆள் இருக்கவேண்டும்.

இப்போது வருகிற பல விமானங்களில் கைரோ இருக்கிறது. நகக்கண் அளவுச் சிப் ஒன்று விமானம் எந்தப் பக்கம் சுழல்கிறது, தரை எங்கே இருக்கிறது என்று அளந்து, ரடரையும் எலிவேட்டரையும் அசைக்கிற சர்வோ மோட்டார்களுக்குத் தானே கட்டளை தருகிறது. நல்ல விஷயம்தான், அது இருக்கிற விமானமாகவே வாங்குங்கள். ஒன்றை மட்டும் கவனியுங்கள். முழு உதவி நிலையில் ஸ்டிக்கை எவ்வளவு தள்ளுகிறோமோ அவ்வளவு கோணத்தில் விமானம் சரிந்து நிற்கும். விட்டால் சிப் நிமிர்த்திவிடும். ஐலரான் உள்ள சாதாரண விமானத்திலோ ஸ்டிக் சொல்வது கோணத்தை அல்ல, எவ்வளவு வேகமாகச் சரியவேண்டும் என்பதை. பிடித்துக்கொண்டே இருந்தால் தலைகீழாகிவிடும். முழு உதவியிலேயே ஒரு வருடம் ஓட்டிய குழந்தை இந்த வித்தியாசத்தை அறியாமலே போய்விடும். நான்கைந்து பேட்டரி தீர்ந்ததும் உதவியைக் குறைத்துவிடுங்கள்.

குழந்தைக்கு மிகக் கடினமாக இருப்பது பறக்கவைப்பதல்ல. எதிரே வருகிற விமானத்தைத் திருப்புவது. விலகிப்போகும்போது அதன் வலது நம் வலது. திரும்பி வரும்போது மாறிவிடும். இதை நாங்கள் மொட்டை மாடியில் பழகினோம். நான் கையை விரித்துக்கொண்டு விமானமாக நடந்தேன். மாப்பிள்ளை பேட்டரி இல்லாத ரிமோட்டோடு மூலையில் நின்று ஸ்டிக்கைத் தள்ளி, "இடது" "வலது" என்றான். அவன் சொன்னபடி நான் சுவரில் முட்டினேன். பிறகு அவன் விமானமானான். பத்து நிமிடத்தில், "மாமா, நான் அந்த விமானத்துக்குள்ள உக்காந்திருக்கேன்னு நெனச்சுக்கணும்" என்று அவனே கண்டுபிடித்தான். அப்படி நினைக்க வராத அவசரத்தில் கைகொடுக்க ஒரு வழி உண்டு. எதிரே வரும் விமானத்தில் எந்த இறக்கை தாழ்கிறதோ, உங்கள் கண்ணுக்குத் தெரிகிற அதே பக்கம் ஸ்டிக்கைத் தள்ளுங்கள், முட்டுக்கொடுப்பதுபோல. விமானம் நிமிரும்.

இரண்டாவது ஆபத்து, பயந்து எலிவேட்டரைப் பின்னுக்கு இழுப்பது. விமானம் தாழ்கிறது என்று இழுப்பான்; மூக்கு தூக்கும், வேகம் குறையும். காற்று இறக்கையைச் சந்திக்கும் கோணம் 10 முதல் 15 டிகிரிக்குள் ஓர் எல்லையைத் தாண்டியதும் மேற்பரப்பில் ஒட்டி ஓடிய காற்று பிய்த்துக்கொள்ளும். தூக்குவிசை சட்டென்று குறைந்து விமானம் விழும். இன்னும் இழுத்தால் இன்னும் விழும். ஸ்டிக்கை முன்னுக்குத் தள்ளினால்தான் வேகம் வந்து மீளும். விழுகிறதை மேலும் கீழே தள்ளச் சொல்வது எந்தக் குழந்தைக்கும் இயல்பாக வராது. அதனால் போதிய உயரத்தில் வைத்து நாமே வேண்டுமென்று செய்து காட்டவேண்டும். 10 மீட்டரிலிருந்து ஒரு பொருள் விழ ஒன்றரை நொடிகூட ஆகாது. 40 மீட்டரிலிருந்து மூன்று நொடிக்குப் பக்கம். ரிமோட்டைக் கையிலிருந்து பிடுங்கிக் காப்பாற்றலாம் என்று நினைக்காதீர்கள். இரண்டு ரிமோட்டை இணைத்து, சொல்லிக்கொடுப்பவர் ஒரு சுவிட்சை விட்டதும் கட்டுப்பாடு அவருக்கே வந்துவிடுகிற ஏற்பாடு உண்டு. கூடுதல் செலவுதான், ஆனால் அது குழந்தையின் தன்மானத்தையும் காப்பாற்றுகிறது.

பறக்கிற நேரம் விடிகாலை. இரவில் தரை குளிர்ந்து, அதன் மேல் காற்று அசையாமல் படுத்திருக்கும். வெயில் ஏறினால் தரைச்சூட்டில் காற்று குமிழ் குமிழாக மேலெழும்பும். எட்டரை, ஒன்பது மணிக்கு விமானம் குலுங்கத் தொடங்கும். பருந்துகள் வட்டமிட ஆரம்பித்தால் மூட்டை கட்டிவிடலாம். காற்று வரும் திசையிலேயே விமானத்தை வைத்திருந்தால், தடுமாறினாலும் நம்மை நோக்கித்தான் வரும். ஆடிக் காற்றில் அம்மியே பறக்கும். அந்த மாதத்தில் அரை கிலோ ஃபோமுக்கு வேலை இல்லை.

சட்டமும் ஒன்று இருக்கிறது. ஆளில்லாமல் பறக்கிற எல்லா விமானத்துக்குமான இந்தியாவின் 2021 ட்ரோன் விதிகளில் 250 கிராம் வரை நானோ, 2 கிலோ வரை மைக்ரோ. நானோவுக்கும், வணிக நோக்கமில்லாமல் ஓட்டும் மைக்ரோவுக்கும் பைலட் உரிமம் வேண்டாம். ஆனால் பறக்கிற இடம் பச்சை மண்டலமா, அதாவது முன் அனுமதி தேவைப்படாத இடமா என்று அரசின் டிஜிட்டல் ஸ்கை வரைபடத்தில் பார்த்துவிட்டுப் போங்கள்.

முள்ளில் போன விமானத்துக்கு ஆறு மாதம் கழித்து இரண்டாவது வந்தது. நீள இறக்கை, மஞ்சள் நிறம், மூன்று சேனல். பார்க்கத் தும்பி மாதிரி இருந்தது. மாப்பிள்ளைக்கு முதலில் பிடிக்கவில்லை. 40 மீட்டர் உயரத்தில், கைரோவை அணைத்துவிட்டு, "கையை எடு மாப்ள" என்றேன். எடுக்கவில்லை. மறுபடி சொன்னதும் இரண்டு கட்டைவிரலையும் ஸ்டிக்கிலிருந்து தூக்கினான். சரிந்து போய்க்கொண்டிருந்த விமானம், யாரோ தோளைத் தொட்டதுபோல், மெல்ல நிமிர்ந்தது. "மாமா, தானா நிமிருது!" என்று கத்தினான். திரும்பவும் சரித்தான், கையை எடுத்தான். அந்தப் பேட்டரி முழுக்க அதையே செய்துகொண்டிருந்தான். நான் தடுக்கவில்லை.

மூன்றாவது வாரம் தானே இறக்கினான். கண்மாய்ப் பொருக்கில் வயிறு உரசி, புழுதி கிளப்பி, அரைவட்டம் போட்டு நின்றது. ஓடிப்போய்க் குனிந்து, மூடியைத் திறந்து முதலில் பேட்டரியைக் கழற்றினான். பிறகு நிமிர்ந்து ரிமோட்டை அணைத்தான்.