"நீ சுத்தமான பிள்ளை" என்ற சொல் மனதுக்குள் செய்யும் வேலை

திருப்பூர் பனியன் கம்பெனியில் செக்கிங் டேபிளுக்குப் புதிதாக ஒரு பெண் வந்தால், பக்கத்தில் நிற்கும் அக்கா இரண்டு விதமாகச் சொல்லலாம். "பார்த்துச் செய் அம்மிணி, ஓட்டையை விட்டுறாதே" என்பது ஒன்று. "உன்ற கண்ணுக்கு ஒரு ஓட்டையும் தப்பாது அம்மிணி" என்பது இன்னொன்று. இரண்டுமே பாசத்தில் வருபவைதான். ஆனால் இரண்டாவதுக்கு ஆயுள் அதிகம்.

உளவியலாளர் ரிச்சர்ட் மில்லரும் அவரது கூட்டாளிகளும் 1975இல் வெளியிட்ட ஆய்வு இதைத்தான் பார்த்தது. சிகாகோவில் மூன்று ஐந்தாம் வகுப்புகள். ஒரு வகுப்பில், குப்பை போடக் கூடாது என்று எட்டு நாள் விடாமல் அறிவுரை. அடுத்த வகுப்பில் அதே எட்டு நாளும், "நீங்கள் சுத்தமான பிள்ளைகள்" என்ற பேச்சு. மூன்றாவதில் எதுவும் சொல்லவில்லை. அப்புறம் காகிதம் சுற்றிய மிட்டாயைக் கொடுத்துவிட்டு, எத்தனை காகிதம் குப்பைக்கூடைக்குப் போகிறது என்று எண்ணினார்கள். "சுத்தமான பிள்ளைகள்" என்று கேட்ட வகுப்பே முன்னால் நின்றது. இரண்டு வாரம் கழித்துப் பார்த்தபோதும் அந்தப் பழக்கம் அவர்களிடம் இருந்தது. அறிவுரை கேட்ட வகுப்போ பழையபடி ஆகிவிட்டது.

ஏன் இப்படி? "சுத்தமாக இரு" என்று சொல்லும்போதே, "இப்போது நீ அப்படி இல்லை" என்பதும் குழந்தையின் காதில் விழுகிறது. அதோடு, நாம் எப்படிப்பட்டவர் என்பதை நம் செய்கையைப் பார்த்தே பெரும்பாலும் முடிவு செய்துகொள்கிறோம் என்கிறார் உளவியலாளர் டாரில் பெம். காகிதத்தைக் கூடையில் போட்ட குழந்தை, "நான் இப்படித்தான்" என்று எண்ணிக்கொள்கிறது. அடுத்த முறை யாரும் சொல்லாமலே கை கூடைக்குப் போகிறது. "உருப்படாதவன்" என்று தினமும் கேட்கும் பையனுக்குள்ளும் இதே வேலைதான் நடக்கிறது என்பதை நினைத்தால் மனது பதறுகிறது.

எந்தப் புகழ்ச்சி என்பதும் முக்கியம். முல்லர், டிவெக் என்ற இரு உளவியலாளர்கள் 1998இல் காட்டியது இது: "நீ புத்திசாலி" என்று பாராட்டப்பட்ட பிள்ளைகள் ஒரு தோல்விக்குப் பிறகு சோர்ந்துபோனார்கள்; "நன்றாக உழைத்தாய்" என்று கேட்டவர்கள் விடாமல் முயன்றார்கள்.

சொல் மட்டுமில்லை, கூட இருப்பவர்களும் நம்மை மாற்றுகிறார்கள். 1950களில் உளவியலாளர் சாலமன் ஆஷ் கோடுகளைக் காட்டி, எது எதன் நீளத்துக்குச் சமம் என்று கேட்டார். உடனிருந்தவர்கள் எல்லாரும், முன்பே பேசிவைத்தபடி, தப்பான பதிலைச் சொன்னார்கள். ஏறக்குறைய மூன்றில் ஒரு முறை, சோதிக்கப்பட்டவரும் கண்ணுக்கு முன்னால் தெரிவதை விட்டுவிட்டு அவர்களோடு போனார். சரியாகச் சொல்லும் ஒரே ஒரு ஆள் அந்தக் கூட்டத்தில் இருந்தால் போதும், இந்தத் தவறு நாலில் ஒரு பங்காகக் குறைந்தது. அந்த ஆள் பாதியில் கட்சி மாறினால் தவறு மறுபடி ஏறியது. ஏதோ வேலை என்று அவர் எழுந்து போய்விட்டாலோ, அவ்வளவு ஏறவில்லை.