ஈரம் புகுந்த இடம் எது? ஒரு பாரம்பரிய ரயில்பாதையின் தொலைபேசிக் கேபிள்

இங்கிலாந்தின் கிடர்மின்ஸ்டருக்கும் பிரிட்ஜ்நார்த்துக்கும் இடையே, பெரும்பகுதி செவர்ன் ஆற்றை ஒட்டியே ஏறத்தாழ 26 கிலோமீட்டர் நீளும் செவர்ன் பள்ளத்தாக்கு ரயில்பாதை, மூடப்பட்ட ஒரு தடத்தைத் தன்னார்வலர்கள் மீட்டு, 1970 முதல் படிப்படியாகத் திறந்து நடத்திவரும் பாரம்பரியப் பாதையாகும். அங்கு வருபவர்கள் நீராவி இன்ஜினைத்தான் பார்க்க வருகிறார்கள். ஆனால் இத்தகைய ஒற்றைத்தடப் பாதையில் ஒரு ரயில் நிலையத்தை விட்டுப் புறப்பட வேண்டுமானால், தண்டவாளத்தின் ஓரமாகப் புல்லுக்குள் மறைந்து செல்லும் செப்புக் கம்பிகள் முதலில் நலமாக இருக்க வேண்டும்.

இதன் காரணம் ஒரு துயரத்தில் தொடங்குகிறது. 1874 செப்டம்பர் 10 அன்று, நாரிச் நகருக்கு அருகிலுள்ள தோர்ப் என்ற இடத்தில், தந்திச் செய்தியில் நேர்ந்த குழப்பத்தால் ஒரே தடத்தில் எதிரெதிரே அனுப்பப்பட்ட இரண்டு ரயில்கள் மோதி 25 பேர் இறந்தனர். இதன் பின்னர், 1878இல், எட்வர்ட் டயர் என்பவர் ஒரு கருவியை உருவாக்கினார். இரு நிலையங்களிலும் ஒவ்வொரு பெட்டி இருக்கும்; அந்தத் தடத்தில் நுழைய ரயிலுக்கு அனுமதியாக ஓட்டுநரிடம் தரப்படும் டோக்கனை, கம்பி வழியே வரும் மின்னோட்டத்தின் அனுமதியோடுதான் ஒரு பெட்டியிலிருந்து எடுக்க முடியும்; ஒன்று வெளியே இருக்கும்வரை எந்தப் பெட்டியும் இன்னொன்றைத் தராது. நம் ஊர்ச் சிறு நிலையங்களில் ஸ்டேஷன் மாஸ்டர் வளையத்தை நீட்ட, ஓட்டுநர் கையில் மாட்டிக்கொண்டு போனதைப் பார்த்தவர்களுக்கு இது புதிதல்ல; அந்த வளையத்தின் பையில் இருந்த உலோகப் பந்தும் இதே கொள்கையைச் சேர்ந்ததுதான். கம்பி அறுந்தால் டோக்கன் வெளிவராது என்பதால் கேபிள் பழுது விபத்தை உண்டாக்குவதில்லை. ரயிலை நிறுத்திவைக்கிறது, அல்லது பொறுப்பாளர் ஒருவரின் நேரடி ஆணையில் ஊர்ந்து செல்ல வைக்கிறது.

நிலையங்களுக்கு இடையே தொலைபேசிப் பேச்சைக் கொண்டுசெல்லும் இத்தகைய கேபிளைத் திறந்து பார்த்தால், கம்பிகள் இரண்டிரண்டாக, இணை இணையாக முறுக்கப்பட்டிருக்கும். அருகிலுள்ள மின்கம்பிகள் தூண்டும் இரைச்சல் முறுக்கின் காரணமாக இரு கம்பிகளிலும் ஏறக்குறைய சமமாக விழுகிறது. காதில் வைக்கும் கருவி இரண்டுக்கும் உள்ள வேறுபாட்டை மட்டுமே கேட்பதால் இரைச்சல் கழிந்துபோகிறது. ஒரு கம்பியில் மட்டும் ஈரம் ஏறி மண்ணுக்குக் கசிவு உண்டானால் இந்தச் சமநிலை குலைந்து, பேச்சுக்குப் பின்னால் ஓர் உறுமல் கேட்கத் தொடங்கும். அனுபவமுள்ளவர்கள் பழுதை முதலில் அந்த உறுமலில்தான் அறிகிறார்கள்.

எலி கடிக்கலாம், மண்வெட்டி வெட்டலாம், கரை சரிந்தால் அதன் ஓரத்தில் கிடக்கும் கேபிளும் இழுபடலாம். 2007 ஜூன் மாதப் பெருமழையில் செவர்ன் பாதையின் கரைகள் பல இடங்களில் சரிந்து, 2008 மார்ச்சில்தான் பாதை முழுமையாகத் திறந்தது. ஆயினும் ஆண்டு முழுவதும் ஓயாத எதிரி நீரே. பழைய கேபிள்களில் செம்பின்மேல் காகிதமும் வெளியே ஈய உறையும் இருக்கும். ஈயத்தில் ஊசிமுனை அளவு விரிசல் விழுந்தாலும் காகிதம் ஈரத்தை உறிஞ்சிக்கொள்ளும். பிந்தைய பாலித்தீன் கேபிள்களில் இடைவெளிகளைப் பெட்ரோலியக் கூழால் நிரப்பிவிடுகிறார்கள். நேர்மின் பக்கத்தில் இருக்கும் செம்பு ஈரத்தில் கரைந்து அரிபடும் என்பதால்தான், தொலைபேசி நிலையங்கள் மின்கலத்தின் நேர்முனையை மண்ணில் இணைத்து, கம்பியில் எதிர்மின் அழுத்தத்தை வைக்கின்றன.

கிலோமீட்டர் கணக்கில் நீளும் கேபிளில் ஈரம் புகுந்த ஓரடியை எப்படிக் கண்டுபிடிப்பது? முதலில் கருவிகளைக் கழற்றிவிட்டு, மெக்கர் என்ற அளவுகருவி கொண்டு காப்பு மின்தடையை, அதாவது கம்பியின் உறை மின்கசிவை எவ்வளவு தடுக்கிறது என்பதை, அளக்கிறார்கள். பல நூறு மெகா ஓம் இருக்க வேண்டிய இடத்தில் சில ஆயிரம் ஓம்தான் காட்டினால் கசிவு உறுதி. அடுத்தது மர்ரே வளையச் சோதனை. இதை அழகான சோதனை என்று சொல்லத் தயங்க மாட்டேன். பழுதான கம்பியையும் நல்ல கம்பியையும் மறுமுனையில் சேர்த்துவிட்டால், 4 கிலோமீட்டர் கேபிள் 8 கிலோமீட்டர் நீளமுள்ள ஒரே கம்பியாகிறது. கசியும் புள்ளி அதை இரண்டாகப் பிரிக்கிறது. இரு பகுதிகளின் மின்தடையை ஒப்பிடும் மின்தடைப் பாலம் என்ற சுற்று சமநிலைக்கு வரும்போது பழுதான கம்பியின் பக்கத்துப் பகுதிக்கும் மற்றதற்கும் விகிதம் 3க்கு 5 என்று கிடைத்தால், பழுது 3 கிலோமீட்டரில் இருக்கிறது. கசிவு எவ்வளவு பலமானது என்பது சமநிலையைப் பாதிப்பதில்லை. கேபிள் முழுவதும் ஏறக்குறைய ஒரே வெப்பநிலையில் இருந்தால், வெயில் ஏறி செம்பின் மின்தடை உயர்ந்தாலும் இரு பகுதிகளிலும் ஒரே வீதத்தில் உயர்வதால் விகிதம் மாறாது. எதிரொலிக் கருவி இதையே வேறு வழியில் செய்கிறது: ஒரு மின்துடிப்பு மைக்ரோ விநாடிக்குச் சுமார் 200 மீட்டர் வேகத்தில் ஓடி, ஈரத்தில் மோதித் திரும்புகிறது, 30 மைக்ரோ விநாடியில் எதிரொலி வந்தால் தொலைவு 3 கிலோமீட்டர்.

ஆனால் கருவி காட்டும் இடமும் நீர் நுழைந்த இடமும் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை. கூழ் நிரப்பாத கேபிளுக்குள் நீர் சரிவில் வழிந்து பள்ளத்தில் தேங்கும்; நுழைவாயிலோ மேட்டில் உள்ள ஒரு பழைய ஜாயிண்ட்டாக இருக்கும். அதைத் திறக்கும்போது செம்பின்மேல் பச்சை உப்பு பூத்திருக்கும். விரலால் தொட்டால் சில கம்பிகள் பொடிந்து உதிரும். பளபளப்பான செம்பு தெரியும்வரை கேபிளை வெட்டிக்கொண்டே பின்னால் போக வேண்டும். பிறகு புதிய துண்டை நடுவே சேர்த்து, ஒவ்வொரு கம்பியையும் கூழ் நிரப்பிய சிறு இணைப்பானில் அழுத்தி, இணை மாறாமல் பார்த்து மூடுகிறார்கள். ஓர் இணையின் கம்பி இன்னோர் இணையோடு மாறிவிட்டால் காப்பு மின்தடை சரியாகவே காட்டும். ஆனால் ஒரு தொலைபேசியில் பேசுவது மற்றதிலும் கேட்கும். ஆகவே ஜாயிண்ட்டை மூடுமுன் இரு முனைகளிலும் ஆள் நின்று ஒவ்வோர் இணையாகப் பேசிப் பார்த்து, அளவை ஏட்டில் எழுதுகிறார்கள். அடுத்த மழைக்குப் பின் எடுக்கும் அளவை ஒப்பிட அந்த எண் வேண்டும்.