விரல் நுனிக்கு முதலில் தெரியும்

“கை சில்லுன்னு இருக்கு, மாப்பிள்ளை” என்றார் மாமா. பழுதான சிறுநீரகத்துக்குப் பதிலாக இயந்திரம் ரத்தத்தைச் சுத்தம் செய்து, தேங்கிய நீரை எடுக்கும் டயாலிசிஸ் தொடங்கி இரண்டு மணி நேரம் ஆகியிருந்தது. திரையில் பிரஷர் 128. ஏசி குளிராக இருக்கும் என்று போர்வையை இழுத்துவிட்டேன். கால் மணி நேரத்தில் கொட்டாவி மேல் கொட்டாவி, நெற்றியெல்லாம் வேர்வை. நர்ஸ் ஓடிவந்து அளந்தபோது 82. இயந்திரம் நீர் எடுப்பதை நிறுத்தி, காலைத் தூக்கி வைத்து, கொஞ்சம் சலைன் ஏற்றியதும் மனிதர் கண் திறந்தார்.

காவடிக்கு அடுத்த திங்கள்கிழமை அது. மொரீஷியஸில் காவடி வருவதே நல்ல வெயில் காலத்தில். வாழையிலையில் ஏழு கறிச் சாப்பாடு, தொட்டுக்கொள்ள அச்சார். உப்பு ஏறினால் தாகம் சும்மா விடுமா? போதாக்குறைக்கு, வாரத்தில் மூன்று முறை டயாலிசிஸ் செய்பவர்களுக்கு வார இறுதி இடைவெளிதான் நீளம். 60 கிலோ இருக்க வேண்டியவர் 63.5 கிலோவில் வந்து நின்றார்.

கூடியிருந்த அந்த மூன்றரை லிட்டர் நீரையும் நாலு மணி நேரத்தில் எடுத்தாக வேண்டும். உடலில் ஓடும் ரத்தமே ஏறக்குறைய 5 லிட்டர்தான். இயந்திரம் ரத்தத்திலிருந்து எடுக்கிறது. தசையிலும் தோலடியிலும் தேங்கிய நீர் மெல்லக் கசிந்து ரத்தத்துக்குள் வந்து அந்த இடத்தை நிரப்புகிறது. எடுக்கும் வேகத்துக்கு நிரம்பும் வேகம் ஈடுகொடுக்காவிட்டால்தான் சிக்கல். கிலோ ஒன்றுக்கு மணிக்கு 13 மில்லிலிட்டரைத் தாண்டாமல் பார்த்துக்கொள்வது பல மருத்துவர்களின் கணக்கு. மாமாவுக்கு அன்று கிட்டத்தட்ட 14.6.

சரி, அப்படியானால் பிரஷர் ஏன் முதல் இரண்டு மணி நேரம் அசையவே இல்லை? மாதக் கடைசியில் கையில் காசு குறைந்தாலும் விருந்தாளிக்குத் தெரியாமல் சமாளிக்கும் வீட்டைப் போன்றது உடல். இதயம் வேகம் கூட்டும். தோலுக்கும் குடலுக்கும் போகும் சின்னக் குழாய்கள் சுருங்கி, மூளைக்கும் இதயத்துக்கும் ரத்தத்தைத் திருப்பிவிடும். சமாளிப்பு நடக்கும்வரை பிரஷர் நன்றாகவே இருக்கும். அது முறியும்போதுதான் எண் சரியும், அதுவும் மளமளவென்று. அரை மணிக்கு ஒருமுறை கையில் பட்டை கட்டி அளப்பது இதனால்தான் பல நேரம் கோட்டை விடுகிறது.

ஊசி எதுவும் கூடுதலாகக் குத்தாமல் முன்கூட்டியே பார்க்க வழி இருக்கிறதா? ஒன்று, ரத்தம் போகும் குழாயின் மேல் ஒளியைப் பாய்ச்சுவது. நீர் வெளியேறினாலும் சிவப்பணுக்கள் வெளியேறுவதில்லை; பால் சுண்டுவதுபோல ரத்தம் அடர்த்தியாகும். ஒளி உறிஞ்சப்படும் அளவை வைத்து ரத்தத்தின் பருமன் எத்தனை சதவீதம் குறைந்தது என்று கோடாக வரைந்துவிடலாம். ஆனால் எத்தனை சதவீதத்தில் விழுவார் என்பது ஆளுக்கு ஆள் மாறும். 2005-இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், இந்தக் கோட்டைப் பார்த்துச் சிகிச்சை பெற்றவர்கள்தான் அதிகமாக ஆஸ்பத்திரியில் சேர்ந்தார்கள். கருவி இருந்தால் போதாது, பார்த்து என்ன செய்வது என்பதும் தெரிய வேண்டும்.

எனக்குப் பிடித்தது இன்னொன்று: ஆக்சிஜன் பார்க்க விரலில் மாட்டும் அதே கிளிப். ஒவ்வொரு துடிப்புக்கும் விரலில் ரத்தம் ஏறி இறங்குவதை அதன் ஒளி அலையாகக் காட்டும். சமாளிப்பு தொடங்கியதும் விரல் குழாய்கள் சுருங்க, அலையின் உயரம் குறைகிறது, பிரஷர் இன்னும் நன்றாக இருக்கும்போதே. ஸ்வீடன் ஆய்வாளர்கள் 2010-இல் இதை வைத்து எச்சரிக்கை கொடுக்கும் முறையை விவரித்தார்கள். மாமா “சில்லுன்னு” என்றது அநேகமாக அந்த அலையைத்தான்.

குறை இல்லாமலா? கையை ஆட்டினால் அலை கெடும். அறை குளிர்ந்தாலும் உயரம் குறையும். நீண்டகாலச் சர்க்கரை நோயில் நரம்புகள் பழுதாகியிருந்தால் குழாய்கள் சரியாகச் சுருங்கவே மாட்டா. யாருக்கு எச்சரிக்கை அதிகம் தேவையோ அவருக்கே அது மங்கலாக வரும். சர்க்கரை நோய் மலிந்த எங்கள் தீவில் இதைச் சின்ன விஷயமாக நினைக்க முடியாது. அதனால்தான் விரல் அலை, ரத்தப் பருமன், இதயத் துடிப்பு, அந்த ஆளின் பழைய டயாலிசிஸ் கணக்கு எல்லாவற்றையும் சேர்த்துக் கணினி கணிக்கும் முறைகள் வருகின்றன. அதிலும் வீண் அலாரம் அதிகமானால் நர்ஸ் காது கொடுக்கமாட்டார்.

அப்புறம் ஒன்று: அன்று பாதி டயாலிசிஸில் மாமா இரண்டு காத்தோ பிமான் (எங்கள் ஊர் மிளகாய் வடை) சாப்பிட்டிருந்தார். சாப்பிட்டால் குடலுக்கு ரத்தம் ஓடும். சுருங்கியிருக்க வேண்டிய இடம் விரிந்துவிடும். இப்போதெல்லாம் அந்தப் பொட்டலம், ஊசி கழற்றும்வரை என் பையில்தான். மாமா நொடிக்கொருதரம் பையையே பார்ப்பார். நான் அவர் விரல்களைத் தொட்டுப் பார்ப்பேன்.