‘சும்மா வந்துட்டுப் போங்க’ என்று ஸ்டேஷனிலிருந்து போன் வந்தால்

ஊரணியில் கட்டடக் கழிவு கொட்டுவதை வீடியோ எடுத்துப் போட்டவர், ரேஷன் கடையில் எடை குறைகிறது என்று எழுதியவர், கிராம சபையில் எழுந்து கணக்குக் கேட்டவர். காரைக்குடி, தேவகோட்டைப் பக்கம் ஸ்டேஷனிலிருந்து போன் வந்து பயந்துபோய் என்னிடம் யோசனை கேட்டவர்கள் பெரும்பாலும் இப்படிப்பட்டவர்கள்தான். ஒருவரும் கலவரம் செய்தவர் இல்லை. அவர்கள் பட்ட பாடு இன்னொருவர் படக்கூடாது என்பதற்காக இதை எழுதுகிறேன்.

சட்டப் பின்னணி கொஞ்சம் போதும். அரசியலமைப்புச் சட்டத்தின் 19(1)(அ) ஒவ்வொரு குடிமகனுக்கும் பேச்சு, கருத்துரிமை தருகிறது. 19(2) அதற்கு எட்டுக் காரணங்களில் மட்டும் வரம்பு போட அனுமதிக்கிறது: நாட்டின் இறையாண்மை ஒருமைப்பாடு, அரசின் பாதுகாப்பு, அயல்நாட்டு நட்பு, பொது ஒழுங்கு, நாகரிகம் அல்லது ஒழுக்கம், நீதிமன்ற அவமதிப்பு, அவதூறு, குற்றத்துக்குத் தூண்டுதல். அதிகாரிக்குக் கோபம் வந்தது, கட்சிக்காரர் முகம் சுளித்தார் என்பதெல்லாம் அந்தப் பட்டியலில் இல்லை. வரம்பு எதுவானாலும் அது சட்டமாக இருக்க வேண்டும். ஓர் ஆய்வாளர் போனில் சொல்லும் வார்த்தை சட்டம் ஆகாது. பேச்சுரிமையைக் காக்கும் ஐ.நா. உடன்படிக்கையை இந்தியா 1979-லேயே ஏற்றுக்கொண்டிருக்கிறது.

இனி நடைமுறை. முதலில் வருவது போன். “தம்பி, உங்க மேல ஒரு மனு வந்திருக்கு, சும்மா ஒரு விசாரணைதான், வந்துட்டுப் போங்க.” இந்தச் ‘சும்மா’வை நம்பிக் கிளம்பிவிடாதீர்கள். மரியாதையாகவே மூன்று விஷயம் கேளுங்கள்: மனு கொடுத்தது யார், சி.எஸ்.ஆர். (மனு பெற்றதற்கான ஸ்டேஷன் பதிவு ரசீது) போட்டிருக்கிறார்களா, போட்டிருந்தால் எண் என்ன. எழுத்தில் நோட்டீஸ் கொடுத்தால் வருகிறேன் என்று சொல்லுங்கள். சாட்சியாக விசாரிக்கக் கூப்பிடுவதென்றாலும் பி.என்.எஸ்.எஸ். (பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த சட்டம்) 179-வது பிரிவுப்படி எழுத்து மூலம்தான் கூப்பிட வேண்டும். அதே பிரிவின்படி பெண்களையும் 60 வயது கடந்த ஆண்களையும் உடல்நலம் மிக மோசமாக இருப்பவர்களையும் ஸ்டேஷனுக்கு வரச் சொல்லவே முடியாது, போலீஸ்தான் வீட்டுக்கு வர வேண்டும். இது தெரியாமல் எத்தனை ஆச்சிமார்கள் ஸ்டேஷன் பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறார்கள்!

அடுத்தது வாட்ஸ்அப் நோட்டீஸ். குற்றம் சாட்டப்பட்டவரை விசாரணைக்குக் கூப்பிடும் பி.என்.எஸ்.எஸ். 35(3) நோட்டீஸை வாட்ஸ்அப்பிலோ வேறு மின்னணு வழியிலோ அனுப்பக்கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2025 ஜனவரியில் தெளிவாகவே சொல்லிவிட்டது. இன்னும் அனுப்புகிறார்கள். வந்தால் அழிக்காமல் வைத்துக்கொண்டு, ‘நேரில் முறைப்படி கொடுங்கள், ஒத்துழைக்கிறேன்’ என்று பதில் போடுங்கள். ஆனால் தாளில் முறைப்படி நோட்டீஸ் கையில் வந்துவிட்டால் போகாமல் இருந்துவிடக் கூடாது. அதையே காரணம் காட்டிக் கைது செய்ய வழி இருக்கிறது. ஏழு ஆண்டு வரை தண்டனை உள்ள குற்றங்களுக்குக் கைதுக்கு முன் இந்த நோட்டீஸ்தான் பொது விதி. நீங்கள் போய்ப் பதில் சொன்னால், கைது ஏன் அவசியம் என்று அவர்கள்தான் எழுதிக் காரணம் காட்ட வேண்டும்.

எல்லாவற்றிலும் பெரிய கண்ணி ‘எழுதிக் கொடுத்துட்டுப் போ’ என்பது. குன்றக்குடிக்குப் பக்கத்து ஊர்ப் பையன் ஒருவன், ஜெராக்ஸ் கடை வைத்திருப்பவன், கண்மாய் வரத்துக்காலை அடைத்து ஜல்லி கொட்டியதைப் படம் பிடித்து ஊர்க் குழுவில் போட்டான். ஒப்பந்தக்காரர் மனு கொடுத்தார். மத்தியானம் போனவனை இருட்டும்வரை உட்கார வைத்து, ஸ்டேஷன் ரைட்டர் (எழுத்து வேலை பார்க்கும் போலீஸ்காரர்) சொல்லச் சொல்ல ஒரு வெள்ளைத்தாளில் எழுத வைத்தார்கள்: ‘நான் தவறான தகவல் பரப்பினேன், இனிமேல் இப்படிப் பதிவிட மாட்டேன்.’ கையெழுத்துப் போட்டதும் வீட்டுக்கு விட்டார்கள். பிரச்சினை முடிந்தது என்றுதான் அவனும் நினைத்தான். பிறகு அதே ஒப்பந்தக்காரர் வக்கீல் நோட்டீஸ் விட்டபோது, அந்தக் காகிதத்தின் நகல் அதோடு இணைந்து வந்தது. படம் உண்மை, ஜல்லி இன்றும் அங்கேதான் கிடக்கிறது, ஆனால் அவன் கையெழுத்து அவனையே பொய்யன் ஆக்கிவிட்டது. ஆகவே மன்னிப்புக் கடிதம், உறுதிமொழி எதுவும் எழுதாதீர்கள். எழுதியே தீர வேண்டிய நிலை என்றால், நடந்ததை மட்டும் உங்கள் வார்த்தையில் எழுதி, தேதியும் வந்த நேரமும் போட்டு, போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

போனைக் கேட்டால்? ‘கொடு, பார்த்துட்டுத் தர்றேன்’ என்று வாங்கி வைப்பது சட்டத்தில் இல்லை. கைப்பற்றுவதென்றால் மகஜர் (கைப்பற்றியதற்கான பட்டியல்) போட்டு நகல் தர வேண்டும், அந்த நடவடிக்கையை வீடியோ எடுக்க வேண்டும் என்கிறது பி.என்.எஸ்.எஸ். 105-வது பிரிவு.

எந்தப் பிரிவு போடுவார்கள்? ‘அவதூறு’ என்றுதான் முதலில் மிரட்டுவார்கள். அவதூறு, அதாவது பி.என்.எஸ். (இ.பி.கோ.வுக்குப் பதிலாக வந்த சட்டம்) 356, போலீஸ் தானாக விசாரிக்க முடியாத குற்றம். புகார்தாரரை மாஜிஸ்ட்ரேட்டிடம் அனுப்புவதோடு ஸ்டேஷன் வேலை முடிந்தது. அதனால்தான் சமூகப் பகை (196), வதந்தி (353) என்று தாவுகிறார்கள். இங்கேயும் உங்களுக்குப் பிடிமானம் உண்டு. மூன்று முதல் ஏழு ஆண்டுக்குள் தண்டனை உள்ள பேச்சு, எழுத்துப் புகார்களில் வழக்குப் பதியுமுன், டி.எஸ்.பி. அனுமதியோடு 14 நாளுக்குள் முதல்கட்ட விசாரணை நடத்துவதே பொருத்தம் என்று 2025 மார்ச்சில் இம்ரான் பிரதாப்கர்ஹி வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. எதற்கெடுத்தாலும் புண்படுகிறவர் காதால் அல்ல, உறுதியான மனமுள்ளவர் காதால் அந்த வார்த்தையை அளக்க வேண்டும் என்றும் சொன்னது. உங்கள் வக்கீலிடம் இந்தத் தீர்ப்பை நினைவூட்டுங்கள். இணையப் பதிவுக்கான, தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் பழைய 66ஏ பிரிவை 2015-லேயே ரத்து செய்துவிட்டார்கள். அதற்குப் பின்னும் அதில் வழக்குப் போட்டுக்கொண்டிருந்ததால், 2022-ல் உச்ச நீதிமன்றம் மறுபடி உத்தரவு போட வேண்டியிருந்தது. செத்த சட்டத்தைக்கூட ஸ்டேஷன் லேசில் விடாது.

நம் பக்கம் செய்யும் தவறுகளும் இருக்கின்றன. ‘ஊரணியைத் தூர்த்தார்கள், இதோ படம்’ என்றால் நீங்கள் பத்திரம். ‘பரம்பரைத் திருடன்’ என்று ஒரு வரி சேர்த்தால் அவதூறு. சாதியை இழுத்தால் ஜாமீனில் வர முடியாத வழக்குவரை போகும், அதற்கு நான் பரிந்து பேச மாட்டேன். வந்ததை அப்படியே அனுப்பினேன் என்பதும் தப்பிக்க உதவாது. பகிர்ந்தவரும் பொறுப்பே என்று 2023-ல் சென்னை உயர் நீதிமன்றம் சொல்லிவிட்டது. குழு அட்மின் என்பதற்காக மட்டும் ஒருவர்மேல் வழக்கு நிற்காது என்று மதுரைக் கிளை 2021-ல் சொன்னது.

அரசு ஊழியர், ஆசிரியர் கவனியுங்கள்: 1973 நடத்தை விதிகள் உங்களைத் தனியாகக் கட்டுகின்றன. வழக்கே இல்லாமல் ஒரு மெமோ போதும், பதவி உயர்வு நின்றுவிடும். வீட்டில் யாராவது அரசு வேலையில் இருந்தால், அவர் பெயரில் உள்ள போன் எண்ணிலிருந்து எதையும் பதிவிடாதீர்கள்.

செட்டிநாட்டில் அதிகம் வேலை செய்யும் மிரட்டல் பாஸ்போர்ட். “சிங்கப்பூர் போகணும்னு இருக்கீங்கள்ல, வெரிஃபிகேஷன் எங்ககிட்டதானே வரும்.” இதைக் கேட்டதும் வீட்டில் ஆத்தாவும் அப்பச்சியும் ஆடிப்போய், பதிவை அழிக்கச் சொல்லிவிடுகிறார்கள். பாஸ்போர்ட் சட்டம் பேசுவது குற்றவியல் நீதிமன்றத்தில் நிலுவையில் உள்ள வழக்கைப் பற்றி. சி.எஸ்.ஆர். என்பது வழக்கே இல்லை. எஃப்.ஐ.ஆர். மட்டும் இருந்து நீதிமன்றம் கோப்பில் எடுக்காதவரை அதுவும் நிலுவை வழக்கு ஆகாது. வெரிஃபிகேஷனில் பாதகமாக எழுதிவிட்டால், பாஸ்போர்ட் அலுவலகத்துக்கு இதை எழுதி விளக்கம் கொடுங்கள்.

கூட்டம், ஆர்ப்பாட்டம் நடத்துபவர்களுக்கு: ‘மாவட்டத்தில் 30(2) அமலில் இருக்கு, அனுமதி கிடையாது’ என்பார்கள். 1861 போலீஸ் சட்டத்தின் அந்தப் பிரிவு சாலையிலும் தெருவிலும் கூடுவதற்கு உரிமம் கேட்கச் சொல்கிறது, தடை செய்யச் சொல்லவில்லை. மண்டபத்துக்குள் நடக்கும் கூட்டத்துக்கு அது பொருந்தாது. மனுவை முன்கூட்டியே கொடுத்து, முத்திரையோடு ஒப்புகை வாங்குங்கள். ‘பரிசீலனையில் இருக்கு’ என்று இழுத்து முந்தின நாள் சாயங்காலம் வாயால் மறுப்பதுதான் வழக்கமான உத்தி. அப்போது மதுரைக் கிளைக்கு ஓட நேரம் இருக்காது. பத்து நாள் முன்பே கொடுத்து, மூன்றாம் நாளே பதில் கேட்டுப் பதிவுத் தபால் அனுப்பினால், அந்த ரசீதை வைத்தே வழக்குப் போடலாம். மைக்குக்குத் தனி அனுமதி வேண்டும். அது இல்லை என்று சொல்லியே கூட்டத்தைக் கலைப்பார்கள்.

வக்கீலுக்குப் பணம் இல்லையென்றால் 15100-க்குப் போன் செய்யுங்கள், அல்லது நீதிமன்ற வளாகத்தில் உள்ள சட்டப் பணிகள் குழுவுக்குப் போங்கள். பெண்களுக்கும் பட்டியல் சாதி, பழங்குடியினருக்கும் காவலில் இருப்பவர்களுக்கும் வருமானச் சான்று தேவையில்லை. சான்று கேட்டு அலைக்கழித்தால், 1987 சட்டப் பணிகள் ஆணையச் சட்டத்தின் 12-வது பிரிவைக் காட்டுங்கள்.

ஸ்டேஷனில் அடித்தார்கள், நாள் முழுக்க உட்கார வைத்தார்கள் என்றால் மாநில மனித உரிமை ஆணையத்துக்குத் தபாலிலேயே புகார் அனுப்பலாம், சென்னைக்குப் போக வேண்டியதில்லை. சம்பவம் நடந்து ஓராண்டு தாண்டிவிட்டால் எடுக்க மாட்டார்கள். ‘எஸ்.பி.கிட்ட பேசிக்கலாம், கொஞ்சம் பொறுங்க’ என்று ஊர்ப் பெரியவர்கள் சொல்லிச் சொல்லியே அந்த ஓராண்டு ஓடிப்போனவர்களைப் பார்த்திருக்கிறேன். பேச்சுவார்த்தை ஒரு பக்கம் நடக்கட்டும், புகாரை அந்த வாரமே தபாலில் போட்டுவிடுங்கள்.