போர்வைக்குள் ஓர் ஒட்டுவலை

மேல்துணி, நடுவில் பஞ்சு, கீழே அடித்துணி. குயில்ட் போர்வை என்பது இந்த மூன்று அடுக்குதான். மெஷினில் வைத்த பிறகுதான் வம்பு ஆரம்பம். கீழே இருக்கும் பற்கள் அடித்துணியைப் பின்னால் தள்ளும். மேலிருந்து அழுத்தும் பாதமோ மேல்துணியை நகரவிடாமல் இழுத்துப் பிடிக்கும். ஒரு தையலில் நழுவுவது கண்ணுக்கே தெரியாது. சில நூறு தையல் ஓடியதும் பார்த்தால், ஓரத்தில் துணி கொசுவம்போல் குவிந்து நிற்கும். அதனால்தான் முதலில் நீளநீளமாக ஓட்டுத்தையல் போடுவார்கள், அல்லது ஊக்கு குத்துவார்கள். அந்த வேலையை இஸ்திரிப் பெட்டியிடம் ஒப்படைக்க வந்ததுதான் ஒட்டுவலை: அடுக்குகளுக்கு இடையே வைத்துச் சூடுகாட்டினால் இளகி ஒட்டும் பசைவலை.

கையில் எடுத்தால் பசை என்றே சொல்லமாட்டோம். வெளிச்சத்தில் பிடித்தால் நூலாம்படை மாதிரி ஓட்டை ஓட்டையாகத் தெரியும், விரலில் ஒட்டாது. பல வலைகள் நைலான் குடும்பத்தைச் சேர்ந்தவை. ஆனால் சாதாரண நைலான்-6 உருக ஏறக்குறைய 220 டிகிரி செல்சியஸ் வேண்டும். அதற்குள் துணியே கருகத் தொடங்கிவிடும். ஆகவே ஒரே மூலக்கூறுச் சங்கிலியில் இரண்டு மூன்று வகைத் துணுக்குகளைக் கலந்துவிடுகிறார்கள். ஒரே அளவுச் செங்கற்களை இறுக்கமாக அடுக்கலாம், கண்ட அளவுச் செங்கற்களை அப்படி அடுக்க முடியாது அல்லவா? அதேபோல இந்தச் சங்கிலிகளும் ஒழுங்காகப் படிகமாக முடியாமல், 100 முதல் 130 டிகிரிக்குள்ளேயே இளகிவிடுகின்றன.

இளகிய பாகு நூலிழைகளின் சந்துகளுக்குள் இறங்குகிறது. ஆறியதும் இழைகளைச் சுற்றி இறுகுகிறது. பருத்தியாக இருந்தால், மூலக்கூறுகளுக்கு இடையே உண்டாகும் ஹைட்ரஜன் பிணைப்புகள் என்ற ஈர்ப்பும் கைகொடுக்கும். பிடிப்பு உண்டாவது சூட்டில் அல்ல, ஆறும்போது. ஒட்டியதா என்று சூட்டோடு தூக்கிப் பார்க்கும் அவசரம் எனக்கும் உண்டு. பலமுறை வேலையைக் கெடுத்திருக்கிறது. பெட்டியை வைத்து அழுத்தி எடுக்க வேண்டும். தேய்த்தால் துணி கோணிக்கொள்ளும்.

பஞ்சு தன் பங்குக்கு இன்னொரு தொல்லை தரும். அதில் அடைந்திருக்கும் காற்று சூட்டை எளிதில் கடத்தாது. மேலே எவ்வளவு அழுத்தினாலும் கீழ் வலை இளகாமலே இருக்கும்; புரட்டிப் போட்டு அந்தப் பக்கமும் சூடுகாட்ட வேண்டும். பாலியெஸ்டர் பஞ்சு என்றால் சூடு அதிகமானால் சப்பையாகிவிடும்.

அப்படியென்றால் முழுப்பரப்புக்கும் வலையை விரித்துவிடலாமே? கூடாது. மூன்று தாள்களைச் சும்மா அடுக்கி வளைத்தால், ஒன்றன்மேல் ஒன்று வழுக்கிக்கொடுக்கும். ஒரு தாளைப்போல 3 மடங்கு விறைப்புதான். ஒட்டிவிட்டால் வழுக்க வழியில்லை. விறைப்பு தடிமனின் மும்மடிப்படி (3 × 3 × 3) ஏறி 27 மடங்காகும். போர்வை தாள் அல்ல, நடுவில் மெத்தென்ற பஞ்சு இருக்கிறது. ஆனாலும் போக்கு அதேதான். வலையில் ஓட்டைகள் இருப்பது இதற்காகவும்தான். நானாக இருந்தால் விரல் அகலப் பட்டைகளாக வெட்டி, கையகல இடைவெளி விட்டு வைப்பேன்.

அந்தப் பட்டைகளைத் தையல் போகாத இடமாகப் பார்த்து வைப்பது நல்லது. வேகமாக ஓடும் ஊசி உராய்வில் சூடேறி, பசையை மறுபடி இளக்கி மேலே பூசிக்கொள்ளும். நூல் அறுந்துகொண்டே இருக்கும். கைத்தையல்காரர்களுக்கு ஒவ்வொரு குத்தும் இழுபறி. ஓட்டுத்தையலை வேலை முடிந்ததும் உருவி எறிந்துவிடலாம். வலை அப்படியல்ல, போர்வைக்குள்ளேயே தங்கிவிடும்.