பழைய கப்பலில் தண்ணீர் எங்கே நுழையும்? துறைமுக ஆய்வில் பார்ப்பதும் பார்க்க முடியாததும்

"சர்டிபிகேட் எல்லாம் சரியாக இருக்கிறது, ஒன்றுகூடக் காலாவதியாகவில்லை. பிறகு எதற்குக் கப்பலைப் பிடித்து வைத்திருக்கிறார்கள்?" பழைய சரக்குக் கப்பல் ஒன்று தடுத்து வைக்கப்பட்டால் மாலுமிகளின் வீட்டிலிருந்து வரும் முதல் கேள்வி பெரும்பாலும் இதுதான். முக்கியமான சான்றிதழ்கள் ஐந்தாண்டு வரை செல்லும். நடுவில் ஆண்டுக்கொரு சர்வே நடக்கும். ஆனால் ஒரு சர்வேக்கும் அடுத்ததற்கும் நடுவே டெக்கில் (மேல்தளத்தில்) எது துருப்பிடித்தது, எது அசையாமல் இறுகிப்போனது, எதைக் கம்பி போட்டுக் கட்டி வைத்தார்கள் என்பதைக் காகிதம் சொல்லாது. துறைமுகத்தில் ஏறும் ஆய்வாளர் அதைத்தான் தேடுகிறார்.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். இந்த ஆய்வைச் செய்வது துறைமுக நிர்வாகம் அல்ல. இந்தியாவில் வணிகக் கப்பல் துறையின் (எம்எம்டி) சர்வேயர்கள் செய்கிறார்கள். இலங்கையில் வணிகக் கப்பல்துறைச் செயலகம் செய்கிறது. வெளிநாட்டுக் கொடியுடன் வரும் கப்பலைத் துறைமுக நாடு சோதிப்பதால் இதற்குப் 'போர்ட் ஸ்டேட் கண்ட்ரோல்', சுருக்கமாக பிஎஸ்சி என்று பெயர். 1978இல் அமோகோ காடிஸ் டேங்கர் பிரான்ஸின் பிரித்தானிக் கரையில் உடைந்து எண்ணெய் கொட்டிய பிறகு இந்த ஆய்வைச் சேர்ந்து செய்ய ஐரோப்பிய நாடுகள் 1982இல் பாரிஸ் ஒப்பந்தம் செய்துகொண்டன. ஆசிய பசிபிக் நாடுகளுக்கான டோக்கியோ ஒப்பந்தம் 1993இல் வந்தது. இந்தியப் பெருங்கடல் ஒப்பந்தம் 1998இல் கையெழுத்தாகி 1999 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தது. அதன் செயலகம் கோவாவில் இருக்கிறது. இந்தியா, இலங்கை இரண்டும் அதில் உறுப்பினர்கள்.

இது நம் கரைக்கும் தொடர்புள்ள விஷயம். 2025 மே 25 அன்று கொச்சி அருகே மூழ்கிய எம்எஸ்சி எல்சா 3 கப்பல் 1997இல் கட்டப்பட்டது. அதிலிருந்த பிளாஸ்டிக் குருணைகள் கேரளக் கரையோடு நிற்காமல் கன்னியாகுமரிக் கரைக்கும் வந்து ஒதுங்கின. அந்த விபத்தின் காரணத்தை இங்கே தீர்மானிக்கப் போவதில்லை. ஒரு கப்பலின் நிலை அது போகும் வழியில் இருக்கும் அத்தனை மீனவ ஊர்களின் பாடு என்பதற்காகவே அதைச் சொல்கிறோம்.

எல்லாக் கப்பலிலும் ஏற ஆள் போதாது. அதனால் ஆபத்துக் கணக்குப் போட்டுத் தேர்ந்தெடுக்கிறார்கள். கப்பலின் வகை, வயது, கொடி நாட்டின் (கப்பல் பதிவான நாட்டின்) சரித்திரம், எந்த கிளாஸ் நிறுவனம் (கப்பலின் கட்டுமானத்தைச் சோதித்துச் சான்று தரும் அமைப்பு) சான்று கொடுத்தது, இயக்கும் கம்பெனியின் பழைய ஆய்வு முடிவுகள், கடந்த 36 மாதங்களில் பதிவான குறைகள் எல்லாம் அந்தக் கணக்கில் வரும். 12 வயதைத் தாண்டினாலே வயதுக்கான புள்ளி ஏறிவிடும். டோக்கியோ முறையில் அதிக ஆபத்துள்ள கப்பலை 2 முதல் 4 மாதத்துக்குள் மறுபடி பார்ப்பார்கள். நடுத்தரம் என்றால் 5 முதல் 8 மாதம், குறைந்த ஆபத்து என்றால் 9 முதல் 18 மாதம். வயதே குற்றம் என்று யாரும் சொல்லவில்லை. 25 வயதிலும் நன்றாகப் பராமரிக்கப்பட்ட கப்பல்கள் ஓடுகின்றன, 10 வயதிலேயே பாழான கப்பல்களும் உண்டு. ஆனால் பழைய கப்பல் பல கை மாறி வந்திருக்கும். பெயர் மாறும், கொடி மாறும், கம்பெனி மாறும். ஒவ்வொரு மாற்றத்திலும் வரைபடங்களும் பராமரிப்புப் பதிவுகளும் கொஞ்சம் கொஞ்சமாகத் தொலையும். புதிதாக ஏறிய சீஃப் இன்ஜினியருக்கு எந்தப் பைப் எப்போது மாற்றப்பட்டது என்று சொல்ல ஆளிருக்காது. எங்கள் கணிப்பில் துருவைவிட இந்த மறதியே பெரிய ஆபத்து.

சர்வேயர் ஏணியில் கால் வைக்கும் முன்பே ஆய்வு தொடங்கிவிடும். கப்பல் எவ்வளவு அமிழ்ந்திருக்கிறது என்று காட்டும் டிராஃப்ட் குறிகள் படிக்கும்படி இருக்கின்றனவா, இதற்கு மேல் அமிழக் கூடாது என்று காட்டும் லோடு லைன் வட்டம் தண்ணீருக்கு மேலே எவ்வளவு இருக்கிறது, பக்கத் தகட்டில் எங்கிருந்து துரு வழிந்திருக்கிறது, கேங்வே (ஏறும் ஏணி) வயரின் நிலை, அதன் கீழே வலை, பக்கத்தில் லைஃப் பாய் எல்லாம் கீழே நின்றே தெரியும். பிறகு கேப்டன் அறையில் காகிதங்கள். அங்கே அனுபவமுள்ளவர் முதலில் புரட்டுவது சான்றிதழை அல்ல, கிளாஸ் நிறுவனம் கொடுத்த நிலவர அறிக்கையை. 'இந்தத் தேதிக்குள் இதைச் சரிசெய்' என்று போட்ட நிபந்தனைகள் அதில்தான் இருக்கும். காகிதத்திலோ டெக் சுற்றிலோ சந்தேகத்துக்குத் தெளிவான காரணம் கிடைத்தால் விரிவான ஆய்வாக அது மாறும். மாலுமி ஒருவர் கொடுத்த புகாரும் அப்படியொரு காரணம்தான்.

பழைய கப்பலில் கண் வைக்க வேண்டிய இடம் எது என்று கேட்டால் மூடிகள் என்போம். தண்ணீர் உள்ளே வராமல் மூடும் சின்னச் சின்னச் சாமான்கள். டெர்பிஷர் என்ற பிரிட்டிஷ் கப்பல் 1980 செப்டம்பரில் ஜப்பான் அருகே புயலில் 44 உயிர்களோடு மூழ்கியது. அதற்கு வயது நான்குதான். ஆழ்கடலில் கிடந்த சிதைவை ஆராய்ந்தபோது, முன் டெக்கில் வென்டிலேட்டர்களும் (காற்றோட்டக் குழாய்கள்) ஏர் பைப்களும் உடைந்து தண்ணீர் மெல்ல நிறைந்ததால் மூக்குப் பகுதி தாழ்ந்தது, பிறகு அலை முதல் ஹேட்ச் கவர் (சரக்கு அறையின் மேல்மூடி) மேல் விழுந்து நொறுக்கியது என்ற முடிவுக்கு வந்தார்கள். 2015 அக்டோபர் 1 அன்று பஹாமாஸ் அருகே 33 பேரோடு மூழ்கிய எல் ஃபாரோ கப்பலுக்கு வயது 40. அதிலும் தண்ணீர் முதலில் இறங்கியது மூடாமல் கிடந்த சிறு ஹேட்ச் வழியாகத்தான் என்று அமெரிக்க விசாரணை சொன்னது. நான்கு வயதுக் கப்பலையே சாய்க்கக்கூடிய இடம் இது. இருபது ஆண்டு உப்புக் காற்று பட்ட பிறகு அதன் நிலையை யோசித்துப் பாருங்கள்.

ஒரு ஏர் பைப் தலையைப் பக்கத்தில் போய்ப் பார்ப்போம். கப்பலைச் சமநிலையில் வைக்கக் கடல்நீர் நிரப்பும் பேலஸ்ட் டேங்கிலிருந்து டெக்குக்கு மேலே வந்து வளைந்து நிற்கும் குழாய் அது. உள்ளே ஒரு பந்தோ தட்டோ மிதக்கும். அலை ஏறினால் அது எழும்பி வாயை அடைத்துக்கொள்ள வேண்டும். முன்னால் நின்று பார்த்தால் பெயின்ட் பளபளக்கும். பின்பக்கம், டெக்கைத் தொடும் அடிப்பாகத்தில் விரல் வைத்தால் அடுக்கடுக்காக உரியும். சுத்தியலால் மெல்லத் தட்டினால் கணீர் என்று வராமல் மந்தமாகச் சத்தம் வரும். அங்கே பெயின்ட்தான் குழாயாக நிற்கிறது. உள்ளே பந்து வெடித்துத் தண்ணீர் ஏறிக் கனத்திருக்கும், இல்லையென்றால் துருவில் சிக்கி நிற்கும். எரிபொருள் டேங்க் என்றால் தீப்பொறி தடுக்கும் வலையும் இருக்க வேண்டும், அதன் கண்களையும் பெயின்ட் அடைத்திருக்கும். 15ஆம் ஆண்டு சர்வே முதல் திறந்த டெக்கில் உள்ள எல்லா ஏர் பைப் தலைகளையும் உள்ளும் புறமும் பார்க்க வேண்டும் என்று கிளாஸ் விதி இருப்பது காரணத்தோடுதான். வென்டிலேட்டர் மூடிகளிலும் இதே கதை: கைப்பிடி திரும்பாது, திறந்திருக்கிறதா மூடியிருக்கிறதா என்ற குறி அழிந்திருக்கும்.

ஹேட்ச் கவரில் எல்லோரும் ரப்பரைப் பார்க்கிறார்கள். ரப்பர் அமுங்கும் அளவைத் தீர்மானிப்பது இரும்போடு இரும்பு உட்காரும் தாங்கு தட்டுகள். அவை தேய்ந்தால் கவர் கீழே இறங்கும், ரப்பர் அளவுக்கு மீறி நசுங்கும், நிரந்தரத் தடம் விழும். அந்த நிலையில் புது ரப்பர் போட்டாலும் சில மாதத்தில் அதுவும் நசுங்கும். தேய்ந்த தட்டைச் சரிசெய்யாமல் ரப்பரை மட்டும் மாற்றுவது பணத்தைக் கடலில் போடுவது. சாக்பீஸ் சோதனை ரப்பரும் இரும்பும் தொடுகின்றனவா என்று மட்டும் காட்டும், தண்ணீரைத் தடுக்குமா என்று காட்டாது. அதற்கு ஹோஸ் சோதனை வேண்டும்: 12 மி.மீ.க்குக் குறையாத முனை, குறைந்தது 2 பார் அழுத்தம், 1.5 மீட்டருக்குள் நின்று பீய்ச்ச வேண்டும். அல்ட்ராசோனிக் சோதனை இன்னும் நுட்பமானது, கசியும் இடத்தைத் துல்லியமாகக் காட்டும். கவர் ஓரத்தில் ஒட்டும் டேப் சுற்றியிருந்தால், கசிவு தெரிந்தே மறைக்கப்பட்டதாகவே ஆய்வாளர் எடுத்துக்கொள்வார்.

கீழே இன்ஜின் ரூமில் அடிக்கடி பிடிபடுபவை அவசரத்துக்கென்று வைத்து யாரும் தொடாமல் விட்ட சாமான்கள். எமர்ஜென்சி ஜெனரேட்டர் மின்சாரம் போன 45 விநாடிக்குள் தானாக ஓடி லோடு (மின்சுமை) எடுக்க வேண்டும், சரக்குக் கப்பலில் 18 மணி நேரம் தாங்க வேண்டும், கிளப்ப இரண்டு தனித்தனி வழிகள் வேண்டும். வாராவாரம் ஓட்டியதாகப் பதிவு இருக்கும். லோடு இல்லாமல் ஐந்து நிமிடம் ஓட்டி நிறுத்தியதுதான் அது. பேட்டரியில் கிளம்பும், இரண்டாவது வழியை முயலச் சொன்னால் ஹைட்ராலிக் அழுத்தம் இறங்கியிருக்கும், அல்லது அதை இயக்கத் தெரிந்தவர் போன மாதம் ஊருக்குப் போயிருப்பார். எமர்ஜென்சி ஃபயர் பம்ப் சத்தத்தோடு ஓடும், தண்ணீர் ஏறாது. உறிஞ்சு குழாயில் காற்று வாங்கும் ஓட்டை, பிரைமிங் (பம்பில் முதலில் தண்ணீர் நிரப்புவது) பழுது, இன்ஜின் ரூம் பக்கத்து வால்வு இறுக மூடாததால் ஏறிய தண்ணீரெல்லாம் திரும்பிப் போவது, இந்த மூன்றில் ஒன்றுதான் பெரும்பாலும் காரணம். முன்னால் ஒரு ஹோஸ், பின்னால் ஒரு ஹோஸ் திறந்து இரண்டிலும் தண்ணீர் பாய்கிறதா என்று பார்ப்பதுதான் நேர்மையான சோதனை.

எரிபொருள் டேங்கின் குயிக் குளோசிங் வால்வை (தீ வந்தால் எட்ட நின்றே சட்டென மூடும் வால்வு) கம்பியால் கட்டி வைத்திருப்பதும், அளவுக் குழாயின் தானே மூடும் வால்வை மரக்கட்டை வைத்துத் திறந்து வைத்திருப்பதும் இன்றும் நடக்கிறது. வேலை சுலபமாகட்டும் என்று செய்வது. தீ வந்த நாளில் அந்த டேங்க் முழுவதும் தீயில்தான் கொட்டும். கடல்நீர்க் குழாய் ஓட்டையைச் சுற்றிக் கட்டிய சிமென்ட் பெட்டியும் அப்படியே. அடுத்த துறைமுகம் வரை தாங்கச் செய்த ஏற்பாடு இரண்டு ஆண்டாக அங்கேயே இருக்கும். கொடி நாட்டிடமோ கிளாஸிடமோ சொல்லாமல் செய்த தற்காலிகப் பழுது என்றால் தடுத்து வைக்க அதுவே போதும்.

லைஃப் போட் பற்றி ஒன்று. இறக்கும் வயரை ஐந்து ஆண்டுக்குள் மாற்ற வேண்டும். கப்பல் மூழ்கும்போது லைஃப் ராஃப்ட்டை (உயிர்காக்கும் மிதவை) தானாக விடுவிக்கும் ஹைட்ரோஸ்டாடிக் கருவியில் ஒருமுறை பயன்படுத்தும் வகைக்கு ஆயுள் இரண்டு ஆண்டு. தேதியைப் பார்ப்பதோடு ஆய்வாளர் நிற்பதில்லை, டிரில் செய்யச் சொல்வார். அப்போதுதான் கொக்கியை எப்படி மறுபடி பூட்டுவது என்று தெரியாமல் நிற்பது வெளிப்படும். 2012 அக்டோபர் 31 அன்று நீலம் புயலில் பிரதிபா காவேரி டேங்கர் சென்னையில் தரைதட்டியபோது, கரை கண்ணுக்குத் தெரியும் தூரத்தில் லைஃப் போட் கவிழ்ந்து உயிர்கள் போயின.

இனி இந்த ஆய்வின் எல்லை. சில மணி நேரம் ஏறி இறங்கும் சர்வேயர் பேலஸ்ட் டேங்குக்குள் சாதாரணமாக இறங்குவதில்லை. காற்றுச் சோதனை, வெளிச்சம், ஏணி, நேரம் எல்லாம் வேண்டும். 2017 மார்ச் 31 அன்று தென் அட்லாண்டிக்கில் 22 உயிர்களோடு மூழ்கிய ஸ்டெல்லார் டெய்ஸி, 1993இல் எண்ணெய்க் கப்பலாகக் கட்டப்பட்டுப் பிறகு தாதுக் கப்பலாக மாற்றப்பட்டது. தப்பியவர்கள் இரண்டே பேர். டேங்கின் உள்சுவர் வலுவிழப்பது டெக்கில் நடந்து பார்த்தால் தெரியாது.

பல்க் கேரியரிலும் (தானியம், தாது போன்றவற்றை மொத்தமாகக் கொட்டி ஏற்றும் கப்பல்) டேங்கரிலும் அதற்கு மாற்று வழி, கப்பலிலேயே இருக்க வேண்டிய விரிவான சர்வே கோப்பு. தகட்டுக் கனத்தை அல்ட்ராசோனிக் கருவியால் அளந்த எண்கள் அதில் இருக்கும். உதாரணத்துக்கு, 14 மி.மீ. தகட்டுக்கு 20 சதவீதத் தேய்மானம் அனுமதி என்று வைத்துக்கொள்வோம். 2.8 மி.மீ. வரை போகலாம். ஆனால் அந்த அனுமதியில் 75 சதவீதத்தை, அதாவது 2.1 மி.மீ.யைத் தாண்டினாலே 'கணிசமான அரிப்பு' என்று குறித்து அடுத்தடுத்த சர்வேயில் அதை மட்டும் தனியாக அளக்க வேண்டும். போன முறை அப்படிக் குறிக்கப்பட்ட இடம் இந்த முறை அறிக்கையில் காணாமல் போயிருந்தால் இரண்டில் ஒன்றுதான்: தகட்டை மாற்றியிருக்க வேண்டும், அல்லது அளக்காமல் விட்டிருக்க வேண்டும். மாற்றியதற்கான ரிப்பேர் பதிவைக் கேட்பதே சரியான அடுத்த கேள்வி.

ஆய்வு முடிந்ததும் குறைகள் குறியீட்டோடு எழுதப்படும். 10 என்றால் அங்கேயே சரிசெய்தாயிற்று. 16 என்றால் 14 நாளுக்குள். 17 என்றால் புறப்படும் முன். 30 வந்தால் கப்பல் நகராது. கொடி நாட்டுக்கும் கிளாஸுக்கும் தகவல் போகும், சரிசெய்து மறு ஆய்வு முடியும்வரை நிற்க வேண்டும். தனித்தனியாகச் சின்னதாகத் தெரியும் பத்துக் குறைகள் சேர்ந்தாலும், பராமரிப்பு முறையே குலைந்துவிட்டது என்று முடிவெடுத்து 30 போட ஆய்வாளருக்கு அதிகாரம் உண்டு.

கப்பலில் சேரப்போகும் தம்பிகளுக்கு: ஏஜென்ட் சொல்லும் கப்பல் பெயரை நம்பிக் கையெழுத்துப் போடாதீர்கள், பெயர் மாறும். கப்பலின் ஏழு இலக்க ஐஎம்ஓ (சர்வதேசக் கடல்சார் அமைப்பு) எண்ணைக் கேளுங்கள், அது கப்பல் உடைபடும் வரை மாறாது. அந்த எண்ணை ஈக்வாசிஸ் தளத்தில் போட்டால் இலவசமாகவே வயது, கொடி, கிளாஸ், பழைய ஆய்வுகள், தடுத்து வைக்கப்பட்ட சரித்திரம் எல்லாம் வரும். சில மாத இடைவெளியில் கொடியும் கிளாஸும் சேர்ந்து மாறியிருந்தால் ஏன் என்று விசாரியுங்கள். எண்ணையே தர மறுக்கும் ஏஜென்ட்டிடம் மேலே பேச வேண்டியதில்லை.

ஏறிய பிறகு ஆபத்தான நிலையைக் கண்டால் முதலில் கப்பலுக்குள்ளேயே எழுத்தில் சொல்லுங்கள். பயனில்லை என்றால் எந்தத் துறைமுகத்திலும் பிஎஸ்சி ஆய்வாளரிடம் புகார் கொடுக்கலாம். 2006ஆம் ஆண்டுக் கடல்சார் தொழிலாளர் உடன்படிக்கை சம்பளம், சாப்பாடு, ஓய்வு நேரம் பற்றிய புகாருக்கும் அந்த உரிமையைத் தருகிறது. புகார் செய்தவர் பெயரை அதிகாரி வெளியில் விடக் கூடாது. 'கப்பல் மோசம்' என்று பொதுவாக எழுதினால் சர்வேயருக்கு எங்கே தொடங்குவது என்று தெரியாது. எந்த டெக், எந்த வால்வு, இடதா வலதா, எப்போதிலிருந்து, யாரிடம் எந்தத் தேதியில் சொன்னீர்கள் என்று எழுதி, முடிந்தால் போட்டோவோடு, கப்பல் துறைமுகம் சேரும் முன்பே அனுப்புங்கள். சர்வேயர் ஏறியதும் நேராக அந்த இடத்துக்கே போவார்.